கூடுவாஞ்சேரி இன்னொரு தாம்பரம் ஆகுமா?

இருவருக்கும் கிண்டியில் வேலை, கூடுவாஞ்சேரியில் அரை கிரவுண்டு மனை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம், இருபது வருஷத்தில் இது தாம்பரம் ஆகிவிடும் என்று விற்பவர் சொல்கிறார், ஒரு புறநகர் உண்மையில் எப்படித்தான் வளர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விலை ஏறுமா என்பது மட்டும்தான் உங்கள் கவலை என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் "மகளுக்கு இப்போது இரண்டு வயது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்வி அதில்தான் இருக்கிறது. அவள் பள்ளிப் படிப்பை முடிக்கும்போது அது ஓர் ஊராக இருக்குமா, இல்லை ராத்திரி படுத்து எழுந்து காலையில் ரயிலுக்கு ஓடுகிற இடமாகவே இருக்குமா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

உள்ளாட்சியில் நகரமைப்புப் பிரிவில் வரைவாளராகச் சேர்ந்து 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் கழிந்தது. 1984 முதல் கிழக்குத் தாம்பரம் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறேன். அதனால் நான் சொல்வதை இந்த ஒரு பாதையின் கதையாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர், ஆவடி எல்லாம் தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்தவை, அங்கே கணக்கு வேறு.

ரயில் வந்தது, ஊர் வளர்ந்தது என்று சொல்வது பாதி உண்மைதான். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. சவுத் இந்தியன் ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை, சுமார் 29 கிலோமீட்டர். ஆனால் ரயில் வந்த உடனே ஜனங்கள் தாம்பரத்தில் போய்க் குவிந்துவிடவில்லை. முதலில் நிரம்பியது மாம்பலம். 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள், அன்றைக்கு ஊருக்கு வெளியே என்றால் அதுதான். பிறகு நங்கநல்லூர், பிறகு குரோம்பேட்டை, பிறகு தாம்பரம். சென்னையில் வேலை கிடைத்து, சென்னையில் மனை வாங்க வழியில்லாமல் போன ஒவ்வொரு தலைமுறையும் இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளிப்போய் இறங்கியது. தண்டவாளம் காத்துக்கொண்டு கிடந்தது, ஜனங்களைத் தள்ளியது நகரத்தின் விலைவாசி. கூடுவாஞ்சேரிக்கு நீங்கள் வருவதும் அந்த வரிசையில்தான்.

தாம்பரத்தைப் பற்றி மனை விற்பவர்கள் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. அது ஒருபோதும் வெறும் தூங்கும் ஊராக இருந்ததில்லை. வேலைக்காகச் சென்னைக்கு ஓடுகிறவர்கள் வருவதற்கு முன்பே அங்கே வேலை இருந்தது. டாக்டர் சௌரிமுத்து 1928-ல் காசநோய் மருத்துவமனையை ஆரம்பித்தார், சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் வந்தது அதனால்தான். சென்னை கிறித்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. விமானப்படைத் தளம் வந்தது. 1984-ல் ஏற்றுமதி மண்டலம், நாங்கள் 'மெப்ஸ்' என்று சொல்வது, ஆரம்பமாகி ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலைக்கு வர ஆரம்பித்தார்கள். பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே ஒரு தோல் தொழிற்சாலை, குரோம் லெதர் கம்பெனி. எம்ஐடி பொறியியல் கல்லூரி 1949-ல் அங்கேதான் தொடங்கியது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு புறநகர் ஊராகிவிட்டதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். காலை எட்டு மணிக்கு பிளாட்பாரத்தில் போய் நில்லுங்கள். சென்னைப் பக்கம் போகிற வண்டியில் ஏறுகிறவர்களை எண்ண வேண்டாம், அது எந்த ஊரிலும் இருக்கும். வந்து நிற்கிற வண்டியிலிருந்து எத்தனை பேர் இறங்கி ஊருக்குள் நடக்கிறார்கள் என்று பாருங்கள். படிக்க, வேலைக்கு, மருத்துவமனைக்கு, துணி எடுக்க என்று வெளியிலிருந்து ஜனம் வந்தால்தான் பகலில் ஓட்டல் நடக்கும், நல்ல டாக்டர் கிளினிக் போடுவார், நூலகத்தில் விளக்கு எரியும். ராத்திரி மட்டும் ஆள் இருக்கிற ஊரில் பெட்டிக்கடையும் மெடிக்கல் ஷாப்பும் பால் பூத்தும்தான் நிலைக்கும்.

இனி மனைகளுக்கு வருகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்த பகுதி இது. நாங்கள் வீடு கட்டிய காலத்தில் எங்கள் தெருவில் மொத்தம் நான்கு வீடுகள். நடுவில் வேர்க்கடலைக் கொல்லை. எல்லோரும் தவணையில் மனை வாங்கிய அரசு ஊழியர்கள், வங்கிக்காரர்கள், வாத்தியார்கள். கிணறு வெட்டினால் இருபது அடியில் தண்ணீர், அதுவும் குடிக்கிற தண்ணீர். ராத்திரி ஒன்பது மணி வண்டியில் இறங்கினால் டார்ச் அடித்துக்கொண்டு பாம்பு பார்த்து நடக்க வேண்டும். அடுத்தடுத்த வருஷங்களில் முதலில் பிள்ளையார் கோயில், பிறகு நர்சரி பள்ளி, பிறகு மளிகைக்கடை, பிறகு மினி பஸ், ஷேர் ஆட்டோ என்று ஒவ்வொன்றாக வந்தன. இந்த வரிசை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனால் ஒன்று மாறுவதில்லை. ஜனங்கள்தான் முதலில் வருவார்கள், தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் நிர்வாகமும் இருபது முப்பது வருஷம் பின்னால் வரும். தாம்பரம் நகராட்சியானது 1964-ல். மாநகராட்சியானது 2021 நவம்பரில், அதுவும் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு. நந்திவரம்–கூடுவாஞ்சேரி பேரூராட்சி நகராட்சியானதும் 2021-ல்தான். அதற்குள் அங்கே நூற்றுக்கணக்கான நகர்கள் முளைத்து முடிந்திருந்தன.

நிர்வாகம் தாமதமாக வருவதால் என்ன நடக்கிறது? ஊரின் எலும்புக்கூட்டை அது வருவதற்கு முன்பே வேறு யாரோ வரைந்துவிடுகிறார்கள். ஒரு விவசாயியின் நான்கு ஏக்கரை வாங்கியவர், அதில் எத்தனை மனை அடங்கும் என்று கணக்குப் போட்டு, இருபதடித் தெரு விட்டு, பஞ்சாயத்துத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி விற்றுவிடுவார். பக்கத்து நான்கு ஏக்கரை வேறொருவர் வேறு கோணத்தில் பிரிப்பார். இரண்டு தெருவும் முட்டுச்சந்தாக முடியும். முறையான லேஅவுட்டில், குறிப்பிட்ட பரப்புக்கு மேல் போனால் 10 சதவீதம் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் விட வேண்டும், சாலைகள் ஒன்றோடொன்று சேர வேண்டும். பஞ்சாயத்து அப்ரூவல் மனையில் அதெல்லாம் கிடையாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின், அதாவது சிஎம்டிஏவின், பழைய எல்லை 1,189 சதுர கிலோமீட்டர், அது வண்டலூரோடு முடிந்தது. அதைத் தாண்டினால் அனுமதி தருவது டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம். எல்லையைத் தாண்டியதும் மனை மலிவு, கண்காணிப்பும் குறைவு, அதனால் அங்கே இப்படிப்பட்ட மனைகள் ஏராளமாக விற்கப்பட்டன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்த பிறகுதான் வேகம் குறைந்தது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. பணம் கட்டினால் மனைக்கு அங்கீகாரம் கிடைக்கும், சரி. ஆனால் வரன்முறை செய்வதால் இருபதடித் தெரு முப்பதடி ஆகிவிடாது, இல்லாத பூங்கா முளைத்துவிடாது.

ஒரு ஊரில் எதை வேண்டுமானாலும் பிறகு கொண்டுவரலாம். பள்ளி வரும், மேம்பாலம் வரும், மெட்ரோகூட வரலாம். முதல் பத்து வருஷத்தில் விழுந்த தெரு அமைப்பையும் அடைபட்ட வாய்க்காலையும் மட்டும் திருத்தவே முடிவதில்லை. என் முப்பத்துமூன்று வருஷ வேலையில் உறுதியாகத் தெரிந்துகொண்டது இதுதான்.

வாய்க்கால் விஷயத்தில் எனக்கு இன்றும் ஆறாத ஒரு நினைவு உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் மேற்குத் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு புது நகரை அளக்கப் போனோம். கையில் பழைய புலப்படம், அதாவது சர்வே எண்ணுக்கான அளவுப் படம். அதில் ஏரியின் உபரிநீர் வழிகிற கலங்கலிலிருந்து இறங்கும் ஓடை நாற்பது லிங்க்ஸ் அகலம், அதாவது 26 அடிக்குக் கொஞ்சம் மேல். தரையில் டேப் வைத்துப் பார்த்தால் ஆறடி. இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். ஒரு சுவரில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அளவைக் குறித்தேன், எழுதிக் கொடுத்தேன், என்னால் ஆனது அவ்வளவுதான். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகு அந்த நகருக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டுச் சுவரில் ஜன்னலின் மேல் விளிம்பு வரை சேற்றுக்கோடு. உள்ளே ஓர் அம்மா கல்யாண ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். வீடு எங்கே நிற்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வாங்கும்போது அவர் பார்த்தது கோடை காலத்துக் காய்ந்த தரை.

இந்தப் பாதை நெடுக நிலம் ஏரிகளால் ஆனது என்பதை மறந்துவிடாதீர்கள். பீர்க்கன்காரணை, இரும்புலியூர், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்கு ஊற்றுகிற சங்கிலித்தொடர். கிழக்குப் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது, மேற்குப் பக்கம் அடையாற்றுக்கு. நந்திவரம் ஏரி நிரம்பினால் உபரிநீர் ஊரப்பாக்கம், ஆதனூர் பக்கமாக அடையாற்றை நோக்கித்தான் இறங்கும். ஏரிக்குக் கீழே இருப்பதெல்லாம் ஆயக்கட்டு நஞ்சை, அதாவது ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல். நெல் விளைந்த நிலம் தாழ்வாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் மதகுத் தண்ணீர் எப்படிப் பாய்ந்திருக்கும்?

இன்னொரு விஷயம் மெதுவாக நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. எங்கள் வீடு கட்டியபோது தெருவிலிருந்து வாசலுக்கு ஐந்து படிகள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டார்கள். மூன்றாவது படி எந்த வருஷம் மறைந்தது என்று என் மனைவி சரியாகச் சொல்வார், மகளுக்கு வளைகாப்பு நடந்த வருஷம் அது. இப்போது தெருவிலிருந்து வாசலுக்கு ஒரு படி இறங்கி வருகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் முப்பது வருஷத்து வீட்டை இடித்துவிட்டு, தரையை நான்கடி உயர்த்தி, பில்டரிடம் கொடுத்து ஆறு பிளாட் கட்டிவிட்டார். பழைய தனி வீடுகள் பிளாட்டுகளாக மாறுவதற்கு நில விலை மட்டும் காரணமில்லை. உயர்ந்துகொண்டே போன சாலையும் ஒரு காரணம்.

வயதும் ஒரு காரணம். புறநகரில் ஒரு தெருவுக்கு வருகிறவர்கள் அநேகமாக ஒரே வயதுக்காரர்கள். முப்பத்தைந்து, நாற்பது வயதில் கடன் வாங்கி வீடு கட்டிச் சின்னப் பிள்ளைகளோடு வருவார்கள். பத்து வருஷம் தெருவே பிள்ளைகள் சத்தமாக இருக்கும், பள்ளியில் இடம் கிடைக்காது. இருபத்தைந்து வருஷத்தில் பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போயிருப்பார்கள், தெருவில் இரண்டு இரண்டு பேராக வயதானவர்கள் இருப்பார்கள். பிறகு பிளாட் வந்து மறுபடியும் சின்னப் பிள்ளைகள். சிட்லபாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் இந்தச் சுற்றைக் கண்ணால் பார்த்தேன். இதில் கஷ்டம் என்னவென்றால், நான்கு பேர் இருந்த மனையில் இருபது பேர் வருகிறார்கள், தெரு அதே இருபதடி. இருபது அடியில் தண்ணீர் தந்த கிணற்றை மூடிவிட்டு, முந்நூறு அடி போர் போட்டு, அதுவும் போதாமல் லாரி தண்ணீர்.

இனி கூடுவாஞ்சேரி. அது தாம்பரம் போலவே வளராது என்று நினைக்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. தாம்பரம் வளர்ந்த காலத்தில், உள்ளூர் வேலை போக, பெரும்பாலான வேலை வடக்கே, தண்டவாளத்தின் மறுமுனையில் இருந்தது. கூடுவாஞ்சேரிக்கு வேலை நான்கு பக்கமும் இருக்கிறது. தெற்கே பொத்தேரியில் எஸ்ஆர்எம் கல்லூரி, காலை வண்டியில் அங்கே இறங்கும் மாணவர் கூட்டத்தை நீங்களே பார்க்கலாம். 1980-ல் துணை நகரமாகத் திட்டமிட்ட மறைமலை நகர், அதற்கும் தெற்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டி. மேற்கே ஒரகடம் கார் தொழிற்சாலைகள், கிழக்கே கேளம்பாக்கம் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலை. அதாவது இங்கே ஜனங்கள் ரயில் பாதையோடு நீளவாக்கில் மட்டும் போவதில்லை, குறுக்காகவும் போகிறார்கள். குறுக்கே ரயில் கிடையாது. எல்லாம் பைக், கம்பெனி பஸ், கார். அதனால் இங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என்பதைவிட, ஜிஎஸ்டி சாலை என்கிற திருச்சி நெடுஞ்சாலையைக் கடக்காமல் பள்ளிக்கும் கடைக்கும் போக முடியுமா என்பதுதான் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிக்கும். இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தச் சாலையை ஒரு முறை நடந்து கடந்து பார்த்தால் நான் சொல்வது புரியும்.

வேலை நான்கு பக்கமும் இருப்பது பலம். ஒரே வேலையை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் மறைமலை நகர் காட்டியது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, அங்கிருந்த ஆலையின் தொழிலாளர்கள் மட்டுமில்லை, அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர்கள், மெஸ் நடத்தியவர்கள், வேன் ஓட்டியவர்கள் எல்லோரும் தவித்தார்கள். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் உங்கள் பக்கத்துக்கு இன்னொரு பெரிய மாற்றம். தென் மாவட்டங்களுக்குப் போகிற பேருந்துகள் அங்கிருந்து கிளம்புவதால் ஊரப்பாக்கம், வண்டலூர் இனி ஊரின் ஓரம் இல்லை, வாசல். வாசலில் வியாபாரம் பெருகும், நெரிசலும் சேர்ந்து பெருகும். பண்டிகைக்கு முந்தின இரவு பெருங்களத்தூரில் பேருந்து நெரிசலில் பல வருஷமாகப் பட்டது என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

எதை உறுதியாகச் சொல்வேன், எதைச் சொல்லமாட்டேன் என்று பிரித்துவிடுகிறேன். கூடுவாஞ்சேரி நிரம்பும், இது உறுதி. பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022-லேயே அரசாணை வந்துவிட்டது, நகரம் அந்தத் திசையில் நகர்வது நிற்காது. உங்கள் மகள் பள்ளி முடிக்கும்போது அது பகலிலும் ஆள் நடமாடும் ஊராக இருக்கும் என்பதையும் ஓரளவு நம்பிக்கையோடு சொல்வேன், பொத்தேரியும் ஒரகடமும் பக்கத்தில் இருப்பதால். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ என்பதை நம்பி ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள், ரயில் ஓடும் நாளில் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். பாதாளச் சாக்கடை எப்போது முழுமையாகும் என்று தேதி சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். உங்கள் மனை இருக்கும் தெரு வாழத் தகுந்ததாக இருக்குமா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஒரே ஊரில் ஒரு நகர் ஐம்பது வருஷம் நிம்மதியாக இருக்கும், அடுத்த நகரில் ஒவ்வொரு கார்த்திகையும் கட்டில்மேல் சாமான் ஏற்றுவார்கள்.

அதைப் பார்க்க வழி உண்டு. சர்வே எண்ணை வாங்குங்கள். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எல்லோரும் பார்ப்பார்கள், அதோடு நிறுத்தாதீர்கள். அரசின் இணையத்தளத்தில் அந்த எண்ணுக்கு, நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும் புலப்படமும் கிடைக்கும். நஞ்சையா, புஞ்சையா என்று பாருங்கள். பக்கத்து எண்கள் ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய் (ஏரியின் உட்பகுதி) என்று பதிவாகியிருக்கின்றனவா, படத்தில் இருக்கும் அகலம் தரையில் இருக்கிறதா என்று பாருங்கள். தெரு ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறதா, இரண்டு பக்கமுமா? பூங்கா என்று வரைபடத்தில் காட்டிய இடம் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிவாகியிருக்கிறதா? பிறகு ஒரு வேலை நாள் காலையில் அந்த மனையிலிருந்து கிளம்பி, கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் ரயிலேறி, கிண்டி அலுவலகம் வரை போய், சாயங்காலம் திரும்பி வந்து பாருங்கள், இரண்டு பேருமே. அட்வான்ஸ் கொடுப்பதை ஐப்பசி வரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளுங்கள். மூன்று நாள் அடைமழை பெய்த மறுநாள் காலை போய், அந்தப் பக்கம் மாடு வைத்திருக்கும் பெரியவர் யாரையாவது பார்த்து, ஏரிக் கலங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது, தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள். அவர் கை காட்டுகிற திசையில் உங்கள் மனை இருந்தால், வேறு மனை பாருங்கள்.